கிருபை கையெழுத்திட்ட நிபந்தனை

திருப்பதிப் பள்ளியில் ஐந்தாம் பாரம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தபோது தந்திச் சேவகர் வாசலில் வந்து நின்றார். சித்தூர்ப் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை கிருபை காய்ச்சலில் காலமானாள் என்று இருந்தது. அவள் படுத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் ஏதோ எழுதச் சொல்லிவிட்டு ரயிலேறினேன். பாகாலா தாண்டும்வரை அழுகை வரவில்லை. எதிரே இருந்த அம்மாள், "யாருக்கம்மா, இன்னா ஆச்சி?" என்று கேட்டதும் வந்துவிட்டது. தங்கை என்பதா, தோழி என்பதா?

இதைப் படிக்கும் உங்களில், அவளிடம் படித்த பலருக்கு அவள் தலைமையாசிரியை. எனக்கு அவள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பள்ளியிறுதியில் இருவருமே தேறினோம். என் தகப்பனாருக்கு ரயில்வே உத்தியோகம்; சென்னைக் கல்லூரிக்கு என்னை அனுப்ப முடிந்தது. அவளுடைய தகப்பனார் குடிபாலாவில் சிறிய கிராமப் பள்ளியின் உபாத்தியாயர். வீட்டில் அவளுக்குப் பின்னால் ஒரு தம்பி. அவருடைய சம்பளத்தில் விடுதிக் கட்டணம்கூடக் கட்ட இயலாது.

அந்தக் கோடை முழுவதும் மகளை அழைத்துக்கொண்டு, உதவி கேட்டு அவர் படியேறாத வீடில்லை. ஒரு ஜமீன் காரியஸ்தர் மறுநாள் வாருங்கள் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார். திருப்பதியில் ஒரு வக்கீல் வீட்டுக்கு நானும் உடன் போனேன். "ஆடபில்லக்கு காலேஜி எந்துகய்யா?" என்று தெலுங்கில் கேட்டார் வக்கீல். பெண்பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்ற அந்தக் கேள்வியைக் கிருபை முன்பே பல வாசல்களில் கேட்டிருந்தாள். தெருவுக்கு வந்ததும், "எல்லா ஊட்லயும் மோர் நல்லா இருக்குது. பணம்தான் இல்ல" என்றாள். அவளுடைய தகப்பனார் சிரித்துவிட்டு, மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் உதவி கிடைத்தது. காலஞ்சென்ற மரவியாபாரி ஒருவர் பெண்கள் கல்விக்காக விட்டுப்போன நிதி அது. சித்தூரில் ஒரு குழு அதை நிர்வகித்தது. படிப்புச் செலவு முழுவதையும் தருவார்கள். திரும்பி வந்து ஐந்து ஆண்டுகள் அவர்கள் சொல்லும் பள்ளியில் வேலை செய்யவேண்டும். அதுவரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. படிக்கவைத்த பெண்கள் கல்யாணமாகிப் போய்விடுகிறார்களாம். அதனால் அந்த நிபந்தனை.

அப்போதே கிருபையை ஆரோனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஆரோன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டதும், "நீ போய்ப் படி. நான் எங்கியும் போயிட மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவள் கையெழுத்துப் போட்டாள். சென்னையில் நாங்கள் இருந்த காலத்தில் அவள் அளவுக்குச் சந்தோஷமாகப் படித்தவர்கள் விடுதியில் இல்லை. "ஓசிச் சாப்பாடுன்னா நல்லா துன்னணும், ஓசிப் படிப்புன்னா நல்லா படிக்கணும்" என்பாள்.

பட்டம் பெற்றுத் திரும்பி, சித்தூரில் வேலை பார்த்தாள். கெடு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. நாங்கள் கல்யாணத்துக்குச் சேலை பார்க்கப் போவதாகக்கூடப் பேசி வைத்திருந்தோம். அந்தச் சமயத்தில் அவள் தம்பி கல்லூரிக்குத் தேறினான். தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்திருந்தார். குழுவினர் ஒரு வழி சொன்னார்கள்: அவள் அதே நிபந்தனையில் இன்னோர் ஐந்தாண்டு இருப்பதானால், தம்பியின் படிப்புக்கும் தருவார்கள். தகப்பனார் வாய்விட்டுக் கேட்கவில்லை. படுத்தபடியே அவளைப் பார்த்தார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை; மறுபடியும் கையெழுத்துப் போட்டாள்.

ஆரோனிடம் சொல்லப் போனபோது என்னையும் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றோம்.

"என்னை எதிர்பாத்துக்கினு இருக்காதீங்க" என்றாள்.

"இன்னும் எவ்ளோ நாளுன்னு சொல்லு. இருக்கறேன்."

"நான் சொன்ன நாளுங்கதான் முடியப் போவுதே. மறுபடி சொல்ல எனக்கு வாய் வரல. உங்க அம்மாவுக்கும் வயசாச்சி."

 அவர் திரும்பி ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டார். மறுவருடம் அவருக்கு நகரியில் கல்யாணம். கிருபை போனாள், சர்ச்சில் பாடகர் குழுவில் நின்று பாடவும் செய்தாள். திரும்பும் வண்டியில், "சுருதி எங்கியாவது எறங்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே இறங்கவில்லை.

இரண்டாம் கெடுவும் முடிந்தது. அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. தலைமையாசிரியை ஆனதும் அந்த நிதிக் குழுவில் அவளுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

என்னிடம் படித்த நாகலாபுரத்து விவசாயியின் மகள் ஒருத்தி அந்த உதவிக்கு மனுப் போட்டிருந்தாள். அவளையும் அவள் தகப்பனையும் அழைத்துக்கொண்டு நானே குழுவின் முன் போனேன். தலைவர் நிபந்தனையைப் படித்ததும், பெண் தன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு எங்கியாவது பேசி வச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டாள் கிருபை.

"மாமா பையன்" என்றாள் அந்தப் பெண், காதில் விழாத குரலில்.

கிருபை தலைவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, வேலை செய்யணும்னு கேளுங்க, அது நியாயம். கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு கேக்கறதுக்கு இந்தப் பணம் போதாது."

"நீங்களே இதுக்குச் சம்மதிச்சவங்கதானே, அம்மா?"

"சம்மதிச்சேன். ரெண்டு தடவ. வேற வழி இல்லாதவங்ககிட்ட காயிதத்தை நீட்டினா யார்தான் கையெழுத்துப் போட மாட்டாங்க? அது சம்மதமா?" நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றாள். "இந்த வரி இருந்தா என்னை இந்தக் குழுவுலேர்ந்து எடுத்துடுங்க."

அத்தனை வருடங்களில் அவள் கோபப்பட்டு நான் கண்டது அன்றுதான். தலைவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகு வந்த எந்தப் பெண்ணுக்கும் அதை அவர்கள் சேர்க்கவில்லை. நாகலாபுரத்துப் பெண் கல்யாணமும் செய்துகொண்டாள், பட்டமும் வாங்கினாள். இப்போது புத்தூரில் ஆசிரியை.

தந்தி கண்டு நான் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. தூரத்தில் எஞ்சினீயராக இருக்கும் தம்பி வந்து சேர்ந்து, குழியருகே உட்கார்ந்து சிறுபிள்ளைபோல் அழுதான். ஆரோன் தன் மனைவியோடு வந்திருந்தார். அவர் மண்ணைப் போட்டுவிட்டு நகராமல் நின்றபோது, அந்த அம்மாள்தான் கையைப் பிடித்து அழைத்துப்போனார். குருவானவர் தம் பிரசங்கத்தில், கிருபை தன் வாழ்வை மகிழ்ச்சியோடு தியாகம் செய்தவள் என்றார்.

அவரோடு வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் அது மகிழ்ச்சியோடு கொடுத்ததல்ல, அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. அவள் பொறுமையை நினைத்துக்கொள்ளச் சபையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாளே, அந்தக் கிருபையை நான் வைத்துக்கொள்கிறேன். இனி என்னிடம் எந்தப் பெண் கல்லூரி உதவிக்கென்று வந்தாலும், அவளோடு நானும் உள்ளே போவேன்.