கழுத்தும் தோலும்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது வயதால் வந்த பெயரா, உடம்பால் வந்த பெயரா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களே.

பெரிய ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, பாதி ஈரத்தோடு இருக்கும் விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க, சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான இஸ்திரி உருளைக்கு அடியில் கொடுக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை இல்லை அது. தரை சிமெண்ட். வருஷக்கணக்காக அந்தத் தரையில் நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. கடைசியில் படிக்கட்டைக் கண்டாலே அவளுக்கு அழுகை வந்தது. அவள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முழங்கால் மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"இந்த எடையோட கத்தி வைக்க மாட்டேன்மா. மயக்க மருந்துக்கும் ஆபத்து, புது மூட்டும் தாங்காது. குறைச்சுட்டு வாங்க, செஞ்சு விடுறேன்."

சலவைக்கூடத்து மேற்பார்வையாளரும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார். "உங்க இடத்த நான் பிடிச்சு வெச்சிருக்கேன் பெரியக்கா. ஆனா ரொம்ப நாள் முடியாது. காலைச் சரி பண்ணிட்டு வாங்க." நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சொல்கிற கெடுவுக்குத்தான் பயப்பட வேண்டும், மாற்ற மாட்டார்கள்.

ஆக, எடை குறைந்தால் கால் உண்டு, கால் இருந்தால் வேலை உண்டு. இவ்வளவுதான் கணக்கு.

இனி அந்த வீட்டுக் கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு கால்தான் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கால் வீட்டுக்காரருக்கு. அவர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறார், ஆகவே கால். மகன் பிறந்து பல் முளைத்ததும் இன்னொரு கால் அவனுக்குப் போயிற்று, வளர்கிற பிள்ளை. உருளை இயந்திரத்தின் முன்னால் நிற்பதை அந்த வீட்டில் யாரும் உழைப்பு என்று நினைத்ததில்லை போலும். நெஞ்சுக்கறி மட்டும் சட்டியில் மிஞ்சும். சக்கை, தொண்டையில் அடைக்கிறது என்று அப்பனும் பிள்ளையும் அதை ஒதுக்கிவிடுவார்கள். அதைத்தான் இவள் அடுப்படியில் நின்றபடியே தின்று கை கழுவுவாள். அந்தக் காலத்துப் போட்டோக்களைப் பாருங்கள், ஒல்லியாக இருக்கிறாள்.

பிறகு மகனுக்கு மீசை வந்தது, ஒரு செல்போன் கடையில் வேலை வந்தது, ஜிம்மும் வந்து சேர்ந்தது. ஜிம்மில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான்: நெஞ்சுக்கறியில்தான் சத்து, கொழுப்பே கிடையாது, கலோரியும் கம்மி. அன்றைக்கு மகன் ஒரு குட்டி தராசோடு வீட்டுக்கு வந்தான். அதுவரைக்கும் சக்கையாக இருந்தது ஒரே நாளில் ராஜாவாகிவிட்டது. இரண்டு பக்க நெஞ்சும் அவனுக்கு. தோல் உரித்து, எண்ணெய் காட்டாமல், தனியாக வேகவைத்து, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அவன் விட்டுக்கொடுத்த காலும் சேர்ந்து இரண்டு காலும் வீட்டுக்காரர் தட்டுக்குப் போயின. அவரும் மகன் பேச்சைக் கேட்டுத் தோலை உரித்துத் தட்டோரம் வைத்துவிடுவார். ஆரோக்கியம் என்றால் வீடே சேர்ந்து செய்ய வேண்டாமா?

மிச்சம் கழுத்து, முதுகெலும்பு, இறக்கை, அப்புறம் எல்லோரும் உரித்துப் போட்ட தோல். "வீணாக்காத" என்பார் வீட்டுக்காரர். அவள் வீணாக்கவில்லை. தோலை வாணலியில் முறுகலாக வறுப்பாள்; அதில் வழிகிற நெய்யிலேயே சோற்றைப் பிரட்டிக்கொள்வாள். சும்மா சொல்லக்கூடாது, ருசியாகத்தான் இருக்கும். வேலைவிட்டு வந்து, சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி, எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு கிடைக்கிற அந்த ஒரு வாய் ருசியை எந்தப் பாவி குறை சொல்வான்?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் அறைக்கு வீட்டுக்காரரும் கூடவே வந்தார். "வீட்ல என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று அந்தப் பெண் இவளைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது.

"எங்க வீட்ல எல்லாமே கணக்குதான் மேடம். வாரம் ரெண்டு தடவ கோழி. அதுவும் நெஞ்சுக்கறி, தோல் எடுத்தது. என் பையன் ஜிம்முக்குப் போறான், அவன்தான் எல்லாம் சொல்லிக் குடுப்பான்."

"அட, சூப்பர். அதையே சாப்பிடுங்கம்மா. சோத்த மட்டும் கொஞ்சம் குறைங்க."

பெரியக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கோழிப் படம் ஒட்டியிருந்தது. நெஞ்சுக்குப் பச்சை நிறம். காலுக்கு மஞ்சள். இறக்கைக்கும் கழுத்துக்கும் சிவப்பு. தோலைத் தனியாக வரைந்து, இன்னும் கெட்டிச் சிவப்பு பூசி, நெஞ்சைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கலோரி என்று எழுதியிருந்தது. அவள் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள். தன்னுடைய தட்டை யாரோ படம் பிடித்துச் சுவரில் மாட்டியதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் புருஷன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும்போது, 'எனக்கு இந்த வீட்டில் தோல்தான்' என்று எந்த வாயால் சொல்வது? சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். அதற்கு மட்டும்தான் கலோரி கிடையாது.

சோற்றைக் குறைத்தாள். பசி தாங்காமல், கூட இரண்டு துண்டு தோல் தின்றாள். அடுத்த தடவை தராசில் ஏறினால் எடை இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது.

ஆலோசகப் பெண்ணின் முகம் சுருங்கியது. "நடுவுல ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா? மறைக்காம சொல்லுங்க."

"எனக்கும் அதே சந்தேகம்தான் மேடம்" என்றார் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலம் பிஸ்கட் டப்பா பரண்மேல் ஏறியது. ஏணி வைத்து ஏறுகிற முட்டி அவளுக்கு இல்லை என்பதை நன்றாக யோசித்துத்தான் மகன் அங்கே வைத்தான். "வாயக் கட்டணும்மா. மனசு வெச்சா முடியும். என்னப் பாரு" என்று கையை மடக்கிக் காட்டினான். அதிலிருந்து அவள் அடுப்படிக்குள் கொஞ்சம் அதிக நேரம் நின்றாலே, "என்னம்மா பண்ற?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். ஆனால் அவள் சாப்பிடும் நேரத்தில் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்போது டிவியில் செய்தி ஓடும்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதமும் இப்படியே வந்தால் ஆபரேஷன் வரிசையில் இவளுடைய இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்.

அந்த வாரம் கோழிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் வழக்கம்போல் நெஞ்சைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பொட்டலம் போட்டுவிட்டு, கழுத்தையும் உரித்த தோலையும் இன்னொரு பையில் அள்ளினார்.

"தோல் வேண்டாம்" என்றாள் பெரியக்கா.

கடைக்காரர் கையை நிறுத்தினார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம். "என்னக்கா, நாய் செத்துப்போச்சா?"

இவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது சுட்டது. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் ஒரு நாய்க்குத்தான் பார்த்துப் பார்த்துத் தோல் அள்ளிப் போட்டிருக்கிறார்; சில நாள் கூடக் கொஞ்சம் சும்மாவே போட்டிருக்கிறார்.

"இன்னும் சாகல" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாடி ஏறுவதற்குள் முட்டி வலியை மறந்துபோகுமளவுக்கு அவளுக்கு ஆத்திரம். கடைக்காரர்மேல் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே கேட்டார்.

சமையல் முடிந்தது. நெஞ்சுக்கறி இரண்டையும் உப்பும் மிளகும் போட்டு வேகவைத்தாள். ஒன்றை மகனின் டப்பாவில் வைத்தாள். மற்றதை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, அடுப்படி அலமாரியில் வைத்தாள். ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் மேஜைமேல் வைக்கவும் கை வரவில்லை. தன் வீட்டில் தனக்கென்று ஒரு துண்டை எடுத்து வைத்தால் எங்கே வைப்பது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

மகன் வந்ததும் நேரே குளிர்பெட்டியைத்தான் திறந்தான். "இன்னொன்னு எங்கம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டான். மூடியிருந்த தட்டைத் தூக்கினான். "அப்பா, இங்க வந்து பாருங்க!"

வீட்டுக்காரர் வந்தார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டினார். "நான் அப்பவே சொன்னேன். பகல்ல பத்தியம், பின்னால திருட்டுத் தீனி. எப்படி எடை குறையும்?"

"அது என்னோடதும்மா" என்றான் மகன். "உனக்கு எதுக்கு அது? நீ என்ன ஜிம்முக்கா போற?"

பெரியக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். வேகமாகக்கூட வைக்கவில்லை.

"நான் சாப்பிட்டு நீங்க ரெண்டு பேரும் பாத்திருக்கீங்களா?"

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா? என் தட்டுல என்ன இருக்கும்னு சொல்லுங்க பாப்போம். வேண்டாம், விடுங்க. உனக்குக் கொழுப்பு ஆகாதுன்னு உரிச்சியே, உங்கப்பாவுக்கு ஆகாதுன்னு உரிச்சாரே, அதெல்லாம் எங்க போச்சு? குப்பைக்கா போச்சு?" புறங்கையால் தன் இடுப்பை ஓங்கித் தட்டினாள். "இங்க போச்சு. உங்க வீட்டுக் கொழுப்பு மொத்தமும் இங்கதான் இருக்கு. நீங்க குறைச்சதெல்லாம் எங்க ஏறுச்சுன்னு அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க."

மகன் தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தான். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். கெட்டவர் இல்லை அவர். அவள் கண் கலங்கினால் அவருக்குக் கை கால் ஓடாது. அன்றும் பெருந்தன்மையாகத்தான் பேசினார்.

"சரி, சரி, அழாத. வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? இனிமே ஒரு நெஞ்சுக்கறி உனக்கு. நீ பாட்டுக்கு எடுத்துக்கோ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். "அப்ப இந்தக் கழுத்து, எலும்பெல்லாம் யாரு சாப்பிடுறது? தூக்கியா போட முடியும்?"

குத்திக்காட்டவில்லை, கேலியும் இல்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். இத்தனை வருஷமும் தன்னை யாரோ திட்டம் போட்டு ஏய்த்திருந்தால்கூட அவள் மனம் ஆறியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் அவளைப் பற்றி நினைக்கவே இல்லை.

"கோழிக்கடைக்காரர் கேட்டாரு" என்றாள். "நாய் செத்துப்போச்சான்னு."

"எந்த நாய்?" என்றார் வீட்டுக்காரர்.

மகனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் குழம்புச் சட்டியை அப்படியே தூக்கிவந்து மேஜை நடுவில், இருவருக்கும் கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். மூன்றாவது நாற்காலியில் மகனின் ஜிம் பை எப்போதும் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சுக்கறித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாய் வைத்ததுமே தெரிந்தது, சக்கைதான். மெல்ல மெல்ல வாய்க்குள் பஞ்சாகத் திரண்டது. ஒரு காலத்தில் இதைத்தானே தின்றோம் என்று நினைத்துப் பார்த்தாள். நாக்குக்கு ஞாபகம் இல்லை. அது சட்டியில் கிடந்த கழுத்துக்கு ஊறியது. வேறு வழியில்லாமல் தின்றதையே பிடித்துப்போகும்படி நாக்கையும் பழக்கியாயிற்று. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கடைசித் துண்டுவரைக்கும் மென்று விழுங்கினாள். அப்பனும் பிள்ளையும், அந்த வீட்டில் முதல்தடவையாக, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டி ஆறிக்கொண்டிருந்தது. கழுத்தை யாரும் எடுக்கவில்லை.