ஜப்பானம்மாவோடு ஒரு பகல் காட்சி

நாமக்கல் தியேட்டர் வாசலில் அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியதும், நான் பாய்ந்து தடுத்ததும்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வந்த ஒரு வாரமாகக் கோயில், வீடு, முதலாளியின் அறை என்று எங்கே நுழைந்தாலும் கழற்றியே பழகியிருந்தார். "இங்கே வேண்டாம்" என்றேன். "ஆமாங்க" என்று தலை தாழ்த்தினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

சேந்தமங்கலம் சாலையில் ஒரு கோழிப்பண்ணையில் நான் கணக்கு பார்க்கிறேன். முட்டைகளை எடைவாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தைப் பொருத்த ஜப்பானிலிருந்து வந்தவர் அவர், ஐம்பது வயதிருக்கும். பண்ணையில் அவருக்கு ஜப்பானம்மா என்று பெயர். ஏதோ ஒரு பாகம் சென்னைத் துறைமுகத்திலிருந்து வரத் தாமதமானதால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலையில்லை. வேலைக்குப் போகிற நாடுகளில் எல்லாம் ஒரு படமாவது பார்த்துவிடுவேன், மொழி தெரியாதது ஒரு குறையே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, என்னைத் துணைக்கு அழைத்தார். முதலாளியும் "கூட்டிட்டுப் போம்மா" என்றுவிட்டார்.

எனக்குத்தான் தயக்கம். கணவர் விபத்தில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் நான் போவதில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்று அழைத்ததும் இல்லை. அப்படியிருக்க, சினிமாவா? என் மாமியாரிடம் பட்டும் படாமலும் சொன்னேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; பிரியமாக இருக்கும்போது அவர் என்னைச் சாமி என்பார். மகனைப் பறிகொடுத்தவர், மனம் நோகுமோ என்று பயம். அரிசி களைந்துகொண்டிருந்தவர் தண்ணீரை வடித்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தன மணிக்கு ஆட்டம்? நானும் வாரேன் சாமி" என்றார்.

அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். படம் தொடங்கியதுமே ஜப்பானம்மாவின் காதருகே சாய்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார், தமிழிலேயே. "இவன் இருக்கறானுங்களே, நல்லவனாட்டத்தான் பேசுவான். நம்பீராதீங்க." "ஆமாங்க." "அந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லீங்க, பாவம்." "ஆமாங்க." இடைவேளையில், அதுவரை புரிந்த கதையை ஜப்பானம்மா எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் கணக்கில் வில்லன்தான் பெண்ணின் அப்பா. கதாநாயகன் அந்த வீட்டில் நகை திருட வந்தவன். அதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். "இத்தன சொல்லியுமா!" என்று அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். நான் சிரித்தேன். வயிறு வலிக்க, கண்ணில் நீர் முட்ட, முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் என் கணவரின் பெரியம்மா. பேரன்களோடு வந்திருந்தார். எழுந்து எங்களருகே வந்தார். "ஏனம்மணி, சினிமாவுக்கெல்லாம் வர ஆரம்பிச்சுட்டயா?" என்றார். தன் மூத்த ஓரகத்தியான அவரிடம் அத்தை ஒருநாளும் எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை. அன்று எழுந்து நின்றார்.

"நாந்தானுங்கக்கா கூட்டியாந்தேன். எம் பையன் இருந்திருந்தா அவன் கூட்டியாந்திருப்பான். இப்ப நான் இருக்கறேன்."

என்ன நடக்கிறதென்றே தெரியாத ஜப்பானம்மா சட்டென்று எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, உறுதியான குரலில் "ஆமாங்க" என்றார். பெரியம்மாவும் கைகூப்ப வேண்டியதாயிற்று. விளக்கு அணைந்தது. அத்தை உட்கார்ந்து, கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

இயந்திரத்தை ஓடவிட்டு ஜப்பானம்மா ஊர் திரும்பி மூன்று வருடமாகிறது. இப்போது கல்யாணங்களுக்குப் போகிறேன், அழைக்கிறார்கள். நல்ல படம் வந்தால் நானும் அத்தையும் கிளம்பிவிடுகிறோம். போன வாரம் பெரியம்மா போன் செய்தார். சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில், "ஞாயித்துக்கெழம நீங்க போனா, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துரு சாமி" என்றார்.