சந்தனம் பூசிய டயர்

ஆஸ்பத்திரி நடைபாதையில் தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது நான் கேட்ட முதல் கேள்வி, "என்னோட இன்னொரு சப்பாத்து எங்க?" என்பதுதானாம். இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. இடுப்பெலும்பில் விரிசல். தலையிலும் அடி. எனக்கோ சப்பாத்துக் கவலை. இதுவும் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு தீவில், ஜெலுத்தோங்கில்; வேலை கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில். தொழிற்சாலை பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்தியதிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய்வந்தேன். ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மழை பெய்த ஒரு மாலையில், பிறையில் சிக்னல் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு லாரி என்னைப் பின்னாலிருந்து மோதியது. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

முறிந்த எலும்போடு படுத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வலித்தால் வாய்விட்டுக் கேளுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் இரண்டு நாள் வீராங்கனை மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். யாரும் பதக்கம் தரவில்லை.

மூன்றாம் நாள் உள்பொருத்த அறுவைச் சிகிச்சை (எலும்பின் நடுக்குழாயில் உலோகக் கோல் செலுத்தி, முறிந்ததை நேராக நிறுத்துவது) நடந்தது. அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் அடுத்த நாள் என் கணவர் சேகரன் போலீஸ் ரிப்போர்ட்டின் நகலோடு வந்தார்.

"நீ திடீர்னு குறுக்க பூந்துட்டேன்னு லாரி டிரைவர் எழுதியிருக்கான். நெசமா கலா?"

"தெரியலைங்க."

"நான்தான் மோட்டார் வேணாம்னு சொன்னேன்லா."

கஞ்சியை ஆற்றி ஊட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் தவற்றால்தான் வீடே அலைகிறதோ என்ற எண்ணம் காலைவிட அதிகமாக வலித்தது.

டாக்டரிடம் அழுதேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். அது விபத்து மறதி (தலையில் அடிபட்டால், அதற்குச் சற்று முன் நடந்தவை மூளையில் பதியாமல் போவது).

"நீங்க மறக்கலக்கா. பதிவே ஆகல. இல்லாதத தேடாதீங்க."

நான் தேடினேன். நஷ்டஈட்டுக்காக நாங்கள் வைத்த வழக்கறிஞரும் தேடினார். லாரியின் கேமரா பழுது என்றார்கள். விபத்து நடந்து சில நாள் கழித்து லாரியைப் பரிசோதித்தபோது அதில் நல்ல டயர்கள் இருந்தன. ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்பே புதிதாக மாற்றியதாக ரசீதும் காட்டினார்கள். வண்டியில் குறையில்லை என்றால் குறை என்னிடம்தானே?

வீடு திரும்பிய பிறகு இயன்முறைப் பயிற்சிக்குப் (தசையையும் மூட்டையும் மறுபடி வேலைக்குப் பழக்குவது) போனேன். இரு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மூன்றடி நடப்பேன், பாலிக் புலாவ் மலையேறி இறங்கியதுபோல மூச்சு வாங்கும். சேகரன் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார். பேசாத மனிதர் ஒவ்வொரு நாளும் அந்த லாரிக் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் "கலா!" என்று கத்தினார். நான் விழாமல் தப்பியது பயிற்சியாளரின் புண்ணியம்.

போனில் அந்த வருட ஆயுத பூஜைப் படம். வரிசையாக லாரிகள், மாலை, வாழைக்கன்று. என்னை மோதிய லாரிதான் முதலில் நின்றது. எண் தகடு பளிச்சென்று தெரிந்தது. முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம், டயரில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"சந்தனத்த விடு, டயரப் பாரு! போத்தாக். சுத்தமா மொட்டை. கம்பியே தெரியுது. ஒரு மாசத்துக்கு முன்ன மாத்துன டயராம்லா இது!"

இருபத்திரண்டு வருடமாக டயர் கடையில் வேலை செய்கிறவர். அவர் கண் தப்பாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள், அதற்குப் பொட்டும் வைத்துப் படமும் எடுத்துப் போட்டிருந்தார்கள். பூஜை செய்துவிட்டுப் படம் போடாமல் இருக்க நம்மவர்களால் முடியுமா?

வழக்கறிஞர் அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். அடுத்த வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் பிஸ்கட் டின்னோடு நின்றார். லாரி ஓட்டிய முனியாண்டி அண்ணன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, அந்த எலுமிச்சம்பழத்த வச்சது நான்தான். டயர் மாத்துங்கன்னு செக்கிங் புக்குல மூணு தடவ எழுதினேன். பூஜை முடியட்டும்னாங்க. சாமி காப்பாத்தும்னு நானும் ஓட்டிட்டேன்."

சேகரன் எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"நீங்க குறுக்க வரலம்மா. செவப்பு வெளக்குல சும்மா நின்னீங்க. நான் பிரேக் மிதிச்சேன், வண்டி வழுக்கிடுச்சு. மொதலாளி சொன்ன மாதிரி ரிப்போர்ட் எழுதிட்டேன். டயரையும் அவங்க அப்புறந்தான் மாத்தி, பழைய தேதியில ரசீது வாங்குனாங்க. மன்னிச்சிரும்மா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் "சும்மா நின்னீங்க" என்ற சொல் அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. வாய்விட்டு அழுதேன். சேகரன் உள்ளே போய்க் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

எழுதிய பக்கங்களை முனியாண்டி அண்ணன் போனில் படமெடுத்து வைத்திருந்தார். மறுநாளே போலீஸ் நிலையத்தில் உண்மையைச் சொன்னார். அவருக்கு வேலை போனது. படமும் பக்கங்களும் சேர்ந்ததும், விதியை மீறி ஓடியது லாரிதான் என்பதை எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. என் அந்தச் சில நொடிகள் என்னிடம் இன்னும் இல்லை. அவற்றை எனக்காக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவர் அவர். அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இப்போது இடது கால் ஒரு விரல் அகலம் குட்டை. சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறது. அவசரப்படுவதில்லை. அடுத்த பச்சைக்கு நின்றுகொள்கிறேன். நிற்பதில் தவறில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு என் ஊன்றுகோலையும் சாமி முன்னால் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த சேகரன், கோலைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்த ரப்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"போத்தாக் ஆயிருச்சு கலா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கிவந்து மாட்டினார். அழுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சந்தனம் வைத்தார்.