தொட்டுட்டுத்தான் போச்சு, அத்தை!

கூண்டுக் கண்ணாடியில் ஹாக்கி மட்டையின் பிடியால் இரண்டு தட்டு. ஸ்தாசியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோல் விழுந்து அறிவிப்புகூடச் சொல்லியாகவில்லை, அதற்குள் வந்துவிட்டான்.

"அத்தை, எம்பேர எழுதிக்கோங்க. என்னைத் தொட்டுட்டுத்தான் போச்சு."

"எங்கடா தொட்டுச்சு?"

"காலுறையில. இதோ, நூல் பிரிஞ்சிருக்கு பாருங்க."

"அது போன ஆட்டத்துலயே பிரிஞ்சிருந்தது. தொடவே இல்ல. போ, ஆட்டம் நிக்குது."

ரிகோர் ஷிமானோவிச் தலையை ஆட்டிக்கொண்டே போனான். அநியாயம் நடந்துவிட்டதாம். அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஸ்லுத்ஸ்க் ஊரின் நாரைகள் அணி எப்போது கோல் போட்டாலும் ஊர் முதலில் கை தட்டும், அப்புறம் ரிகோர் கண்ணாடிப் பக்கம் போகிறானா என்று பார்க்கும்.

ஐஸ் ஹாக்கியில் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை அடித்தவன் எவனாக இருந்தாலும், வலைக்குள் போகுமுன் அடித்த அணியில் கடைசியாக அது எவன்மேல் பட்டதோ அவனுக்குத்தான் கோல். மட்டையில் பட்டாலும் சரி, முட்டியில் பட்டாலும் சரி. யார்மேல் பட்டது என்று சொல்கிறவர் ஸ்தாசியா. பகலில் பாலாடைக்கட்டி ஆலையில் தரம் பார்க்கும் வேலை, மாலையில் இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆட்டக் குறிப்பு எழுதும் வேலை. இரண்டிலுமே அவர் வாயிலிருந்து லேசில் "சரி" என்று வராது.

ரிகோர் அப்படிக் கேட்பதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவனுடைய தொழிலே எதிரணி கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நிற்பதுதான். வேகமாக ஓடத் தெரியாது, வட்டை அழகாகக் கடத்திக் கொடுக்கத் தெரியாது. நிற்பான். கோல்கீப்பருக்கு எதுவும் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நிற்பான். பின்னாலிருந்து முதுகில் இடிப்பார்கள், முன்னாலிருந்து சொந்த ஆட்களே அடித்த வட்டு வந்து விலாவில் விழும். அசைய மாட்டான். அவனுடைய கோல்களில் பாதி அவனுடைய பின்புறம் போட்டது என்று ஊரில் கேலி. "அதுக்கென்ன? அதுவும் நான்தானே!" என்பான்.

இருபது வயதில் வெளிநாட்டு அணிக்கு ஆடக் கரகண்டாவுக்குப் போனான். அங்கிருந்து நார்வேயில் கொஞ்ச நாள், பிறகு அரை வருடம் கனடாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில். கனடா எப்படி இருந்தது என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். "இதே ஐஸ்தான். கொஞ்சம் குறுகல். அடி சீக்கிரமா வந்து சேருது," என்பான். அங்கே முன்பல் இரண்டை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன், அதற்கப்புறம் நாரைகளை விட்டு நகரவே இல்லை.

கோல் போட்டவன் மறுநாள் பயிற்சிக்குப் பிறகு அணிக்குத் தீனி கொண்டுவர வேண்டும் என்பது உடை மாற்றும் அறையின் வழக்கம். ஸ்தாசியா மறுத்த கோலுக்கும் ரிகோர் கொண்டுவருவான். உருளைக்கிழங்கைத் துருவி, பன்றிக்கொழுப்பு போட்டு, மண்சட்டியில் அவன் மனைவி அலேஸ்யா சுட்ட பாப்கா. "யாருக்குப் பொறந்த கோலுக்கு நான் அடுப்புல வேகணும்?" என்று அவள் சண்டை பிடிப்பாள். பிடித்துக்கொண்டே புளித்த பாலேட்டையும் ஒரு கிண்ணத்தில் கட்டிக்கொடுப்பாள். கணக்கில் ஏறாத கோலின் பாப்காவைத்தான் பயல்கள் அதிகமாகத் தின்பார்கள். ஒரு துண்டு கூண்டுக்கும் வரும். ஸ்தாசியா அதையும் தின்றுவிட்டு, "உப்பு பத்தல. கோலும் உன்னுது இல்ல," என்பார்.

முப்பத்தேழு வயதாகிவிட்டது. பயல்கள் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அப்பா பெயரை வைத்து மரியாதையாக "அந்தோனவிச்" என்கிறார்கள். அவனுக்கு அது பிடிக்காது. "எங்கப்பாவ ஏன்டா கூப்பிடுறீங்க? அவரு வீட்டுல படுத்திருக்காரு!" என்று சீறுவான். கடைசிச் சுற்று தொடங்கினால் தோற்கும்வரை யாரும் சவரம் செய்யக் கூடாது என்பது ஹாக்கிக்காரர்களின் இன்னொரு வழக்கம். இவனுக்குத் தாடி சரியாக முளைக்காது. அதனால் எல்லாருக்கும் முன்னாடியே மழிப்பதை நிறுத்திவிடுவான். இந்த வருடம் முளைத்த கொஞ்சமும் நரைத்திருந்தது. ஸ்தாசியாவுக்கு அதைப் பார்த்ததும் சங்கடமாகப் போய்விட்டது.

சங்கடத்துக்குக் காரணம் இருந்தது. வருடா வருடம் வசந்தத்தில்தான் ரிகோரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இந்தத் தடவை பயிற்சியாளர் வலியன்சின் இயோசிபவிச், "இந்தத் தொடர் முடியட்டும், பாக்கலாம்," என்று நிறுத்திவிட்டார். மைத்துனன் தன் டயர் கடையில் இவனுக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அலேஸ்யாவுக்கும் அதுதான் ஆசை. ரிகோருக்கோ இன்னும் ஒரே ஒரு வருடம் வேண்டும். ஒருநாள் காலி அரங்கத்தில் கூண்டின்மேல் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"டயர் நல்லதுதான் அத்தை. ஆனா அது முன்னாடி போய் நின்னா யாரும் இடிக்க மாட்டாங்களே!"

"இடி வாங்கறதுக்கு ஒரு ஆசையா? லூசு."

திட்டிவிட்டாரே தவிர, அடுத்த வருடம் இந்தக் கண்ணாடியில் தட்ட ஆளிருக்காது என்ற நினைப்பில், சுத்தமாக இருந்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

பொலாத்ஸ்க் அணியோடு கடைசி ஆட்டம். தோற்றால் அந்த வருடம் அத்தோடு சரி. ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் போட்ட சத்தம் கூண்டுவரை கேட்டது. "எவன் தப்பால கோல் விழுதோ, அவன் அடுத்த வருஷம் இந்த அரங்கத்துப் பக்கமே வர வேணாம்!" மனுஷன் கோபத்தில் சொன்னதைக் கோபம் போன பிறகும் செய்கிற ரகம். போன வசந்தத்தில் அப்படித்தான் ஒருவனை அனுப்பினார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. யார் முதலில் போட்டாலும் முடிந்தது கதை. ரிகோர் மூச்சு வாங்கிக்கொண்டு, பழக்கமில்லாத இடமான சொந்த வலைக்கு முன்னால் காவலுக்கு வந்து நின்றான். அங்கே ஒரே குவியல். மட்டையும் காலும் முதுகுமாக ஏழெட்டுப் பேர். பொலாத்ஸ்க் ஆள் சும்மா தள்ளிவிட்ட வட்டை வெளியே அடிக்கப் போன தடுப்பாட்டக்காரன் சிமோக் தடுமாறினான். வட்டு அவன் சறுக்குக்காலணியில் பட்டுத் திரும்பி, மெதுவாக, யாரையோ விசாரித்துக்கொண்டு போவதுபோல வலைக்குள் போனது.

சிமோக் அணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவிக்கு நிறைமாதம். மண்டியிட்டவன் எழுந்திருக்கவே இல்லை. பொலாத்ஸ்க் ஆட்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்து கும்மாளம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சியாளரின் பெஞ்சிலிருந்து வெறும் முதுகுகள்தான் தெரிந்திருக்கும். மூஞ்சி சிவக்க, பூட்ஸ் காலோடு ஐஸைக் கடந்து நேராகக் கூண்டுக்கு வந்தார்.

"ஸ்தாசியா, கூட்டத்துல எனக்குத் தெரியல. நம்மாள்ல எவன்மேல பட்டு உள்ள போச்சு?"

ஸ்தாசியா பார்த்திருந்தார். தெளிவாகவே பார்த்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியில் இரண்டு தட்டு.

"என்னைத் தொட்டுட்டுத்தான் போச்சு," என்றான் ரிகோர்.

பயிற்சியாளர் திரும்பினார். "நீ வாய மூடு. தொட்டதும் தொடாததும் உனக்கு எல்லாம் ஒண்ணுதான். நான் அவங்களக் கேக்குறேன்."

வட்டு போனபோது ரிகோர் இரண்டு ஆள் தள்ளி, பொலாத்ஸ்க்காரன் ஒருவனின் முழங்கைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தான். அவன் பெயருக்கும் அந்த கோலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'தொடவே இல்ல' என்பது ஸ்தாசியாவின் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. சொன்னால் இவனுக்கு ஒரு வருடம் கிடைத்தாலும் கிடைக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிகோர் நின்றான். முகத்தில் வழக்கமான குறும்பு துளிகூட இல்லை. முன்பல் இல்லாத வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் சிமோக் இன்னும் மண்டியிட்டபடி.

பாவி, இதைப் போய்க் கேட்கிறானே என்று ஸ்தாசியாவுக்கு அழுகை முட்டியது.

"ஆமா," என்றார். "இவனைத் தொட்டுட்டுத்தான் போச்சு."

"உறுதியாவா?"

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? நானே பாத்தேன். முட்டியில பட்டுச்சு."

பயிற்சியாளர் ரிகோரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தோனவிச், உன் மைத்துனனுக்குச் சொல்லியனுப்பு," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ரிகோர் அவரைப் பார்க்கவில்லை. அவன் ஸ்தாசியாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை காலம் கேட்டுக் கேட்டு ஒரு தடவைகூடக் கிடைக்காத வார்த்தை அது. முதலில் அவன் புருவம் உயர்ந்தது. அப்புறம் பல்லில்லாத சிரிப்பு அந்த நரைத்த தாடி முழுக்கப் பரவியது. தோற்றுப்போய் ஊரே வாயடைத்து உட்கார்ந்திருந்த அரங்கத்தின் நடுவில், தன்னை அறியாமலே, கோல் போட்டவனைப்போல மட்டையோடு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.