மாடிப்படிக்குக் கீழே ஒரு அதிகாரி

மருத்துவமனையில் அவளை மிளகாய் சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் வார்டில் நின்றவள். மருந்தின் அளவைத் தப்பாக எழுதிய பெரிய டாக்டரையே, "இதை நீங்க போட்டுக்கறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவள். அப்பேர்ப்பட்டவளை முதுகுத்தண்டு படுக்கப் போட்டுவிட்டது. இரண்டு வருஷமாகத் தம்பி வீட்டு மாடி அறைதான் கதி. "சும்மா இருன்னு சொல்ற வாயையெல்லாம் தைக்கணும்" என்று பொருமிக்கொண்டே கிடந்தாள்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் நோயாளிகளோடு பேசி, உடனே கிளம்பி வரவேண்டுமா, நாளை வரை பொறுக்கலாமா என்று சொல்கிற வேலை. உட்கார்ந்துகொண்டே நர்ஸாக இருக்கலாம்! நேர்காணலும் கம்ப்யூட்டரிலேயே, புதன்கிழமை மூன்று மணிக்கு.

தம்பிக்குக் கம்ப்யூட்டர்தான் தொழில். வீட்டுக்கு வருகிற ஒரே இன்டர்நெட்டை எல்லாருக்கும் பங்கு போட, மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைத்திருந்தான். வெளியிலிருந்து வரும் ஒயர் அதற்குள் போகும். அங்கிருந்துதான் மற்ற அறைகளுக்குப் பிரியும். யாருக்கு எது, எப்போது என்று தீர்மானிப்பது அதுதான். ஃபயர்வால் என்று அதற்குப் பேர். "கெட்டது ஒண்ணும் உள்ள வராதுக்கா" என்று அதைத் தட்டிக்கொடுப்பான். நேர்காணலைப் பற்றி ஒரு வாரம் முன்பே அவனிடம் சொல்லிவிட்டாள். "கவலையை விடு, நான் இருக்கேன்" என்றான். இருந்து கிழித்தான்.

புதன்கிழமை மூன்றேகால் மணி. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், தாய் பதறுகிறாள், முதலில் என்ன கேட்பீர்கள் என்று திரையிலிருந்த தலைமை நர்ஸ் கேட்டார். இவள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். எதிரே முகம் அசையவே இல்லை. கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம். பிறகு முகமும் போய் எழுத்து வந்தது: "இது படிக்கிற நேரம். வேறு ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவிடம் கேள்."

நாற்பத்தேழு வயதுக்காரிக்கு! அப்பா போய்ச் சேர்ந்தே பதினெட்டு வருஷமாகிறது. தம்பி தன் பிள்ளைகளுக்கு எழுதி வைத்ததை அவளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறான், மகாபுத்திசாலி. அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. கைப்பிடியைப் பிடித்து இறங்கி அவன் கதவைத் தட்டினாள்.

"மீட்டிங்ல இருக்கேன்கா! அஞ்சு நிமிஷம்!"

"என் பொழப்பு போகுதுடா!"

"அஞ்சே நிமிஷம்கா!"

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். பத்து நிமிஷம் காத்திருப்போம், அதற்குமேல் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாடியேறி, லேப்டாப்பைத் தூக்கி வந்து, படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். முதுகு உயிரை எடுத்தது. வெளியிலிருந்து வரும் ஒயரை அந்தப் பெட்டியிலிருந்து பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகினாள். அந்த ஒயர் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இன்டர்நெட் கொடுக்கும். வீடு மொத்தத்துக்கும் லைன் அறுந்தது. அவள் திரையில் மட்டும் தலைமை நர்ஸ் திரும்பி வந்தார்.

"அக்கா! என் மீட்டிங்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். அவள் திரும்பாமல் உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். முழு வார்டையும் வாயடைக்க வைத்த கை அது. நின்றுவிட்டான்.

வேலை கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: நோயாளி பேசும்போது லைன் அறுந்தால் ஒரு தடவைதான் மன்னிப்பு, அந்த ஒரு தடவையும் இன்றே தீர்ந்துவிட்டது.

"அந்தப் பெட்டியில நீ போட்டிருக்கற லிஸ்ட்டைக் காட்டு" என்றாள் தம்பியிடம்.

"உன் நல்லதுக்குத்தான்கா... யாராவது உன்னை ஏமாத்திடுவாங்கன்னு..."

"என்னையா? காட்டுடா!"

பின்னறையில் வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவியும், லைன் போனதென்று எழுந்து வந்து நின்றாள். அவன் வேண்டாவெறுப்பாகப் பழைய கம்ப்யூட்டரின் திரையைத் திறந்தான். பெரியவர்கள்: அவன் ஒருவன். பிள்ளைகள்: மகன், மகள், அக்கா. அதற்கும் கீழே மனைவியின் கம்ப்யூட்டர், பாதி வேகம்.

மனைவி குனிந்து படித்தாள். "பாதி வேகமா?"

"மீட்டிங்ல என் படம் திக்கக் கூடாதேன்னு..."

"ஒரு வரைபடம் போய்ச் சேர அரை நாள் ஆகுதுன்னு வருஷம் பூரா அந்த இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேனே! வாங்கற சம்பளத்துக்கு வெக்கமா இல்லையான்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். அழுதுட்டா. பக்கத்துலதானே நின்னீங்க? 'எல்லாம் திருட்டுப் பசங்க, விடாதே'ன்னு வேற சொன்னீங்களே!"

மனைவி போனை எடுத்து அந்தக் கம்பெனி எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"வணக்கம் மேடம்." அதே பெண்தான். எண்ணைப் பார்த்ததுமே குரல் நடுங்கியது. "மறுபடியும் லைன் சரியில்லையா மேடம்?"

மனைவி போனைப் புருஷன் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க."

அவன் அறைப் பக்கம் நழுவப் பார்த்தான். மிளகாய் சிஸ்டர் வலிக்கிற முதுகைச் சுவரில் சாய்த்து, வழியை மறித்து நின்றாள்.

"சொல்லுடா."