மேல்கோடு

மராத்தி சங்கத்தின் விநாயகர் சதுர்த்திப் பதாகைக்காக நான் போயிருந்தபோது, இந்த வெளிநாட்டில் எங்கள் புறநகரான செவன் ஹில்ஸின் அச்சுக்கடையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி இன்று கணினியில் ஓர் எழுத்துருவைத் திறந்தான். தூரிகையால் எழுதியது போன்ற அதன் சாய்வைப் பார்த்ததும், பம்பாயில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் குடியிருப்பின் நீண்ட தாழ்வாரமும், துணியில் காயும் நீல வண்ணத்தின் வாடையும் நினைவுக்கு வந்தன.

அங்கே பெரியவர்கள் சதுர்த்திப் பதாகைத் துணியில் மராத்தி எழுத்துகளை எழுதி முடித்ததும், அவற்றின் தலைக்கு மேல் ஓடும் கோட்டை இழுப்பது எனக்கும் பக்கத்து வீட்டுச் சுநந்தாவுக்கும் உரிய வேலை. ஆளுக்கொரு முனையில் மண்டியிட்டு, தட்டைத் தூரிகையோடு நடுவை நோக்கி நகர்ந்து வருவோம். மேல்கோடே இல்லாத தமிழில் பழகிய என் கை கீழே இறங்கிவிடும்.

"ஏய் மதராசி, மேலே வா, மேலே!" என்று சிரிப்பாள்.

கோடுகள் சேரும் இடத்தில் எங்கள் நெற்றிகள் முட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் வண்ணம் சற்றுத் தடித்திருக்கும். வீடுகளை இடித்தபின் அவள் எங்கே போனாள் என்று சொல்ல யாரும் இல்லை.

திரையில் எழுத்துக்கு எழுத்து கோடு தானாகவே நீண்டது.

"என்ன அன்ரி பாக்கிறீங்கள்? வடிவாத்தானே சேர்ந்திருக்கு?"

கோட்டை மட்டும் கையால் போடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மறுமுனையில் உட்கார யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"ஆமா தம்பி, அச்சடிச்சிடுங்க," என்றேன்.