ஜீப் வைத்திருக்கும் ஏழை

ஒருவர் ஏழைதானா என்பதை அவருடைய வீட்டு வாசலிலேயே நின்று, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டிய தொழில் என்னுடையது.

பெண்களுக்கான மாத உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மேல்முறையீடு செய்தவர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று விசாரிக்கிறேன். உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள சில ஊர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. கையில் ஒரு படிவம். அதில் வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். கடைசியில் ‘குறிப்பு’ என்ற தலைப்பில் மூன்று வரி எழுத இடம் உண்டு. கட்டங்களுக்குள் அடங்காத மனிதர்களை அந்த மூன்று வரிக்குள் பொறுமையாக உட்கார வைப்பது என் வழக்கம். “அந்த எடத்த யாரும் படிக்க மாட்டாக மேடம்” என்று, என்னோடு வரும் சக ஊழியர் கருப்பசாமி முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனாலும் நான் எழுதாமல் விட்டதில்லை.

வாக்காளர் பட்டியலோடும் கணக்கெடுப்புத் தாளோடும் அடுத்தவர் வாசலில் நின்று பழகிய என் இனத்தவர்களுக்கு இனி வருவதைப் புரிய வைக்க நான் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

எங்களை முந்திக்கொண்ட நாற்காலி

அனுமந்தன்பட்டியில் ஒரே தெருவில் மூன்று வீடுகள். முதல் வீட்டில் எனக்குப் பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டார்கள். அதன் வலது கை உடைந்து, செம்புக் கம்பியால் தைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது வீட்டிலும் பச்சை நாற்காலி, அங்கும் வலது கையில் செம்புக் கம்பி. மூன்றாவது வீட்டை நாங்கள் அடைந்தபோது, கொல்லைப்புறச் சுவருக்கு மேலே ஒரு பச்சை நாற்காலி தலைகீழாக எழும்பி, அந்தப் பக்கம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தோம். அதைத் தொடர்ந்து ஒரு மேசை விசிறியும் வந்தது.

அந்த மூன்றாவது வீடு ஆரோக்கியமேரியினுடையது. நாற்பதைத் தொட்ட வயது. மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். வீட்டில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்று நான் எழுத வேண்டும். ஏழை என்று காட்டிக்கொள்ள வேண்டிய நாளில் பார்த்து, தெருவில் உள்ள நல்ல சாமான்களையெல்லாம் இரவல் வாங்கி வைத்துவிடுகிறார்கள். எனவே, “இரவல் பொருளை நான் உங்கள் பொருள் என்று எழுதிவிட்டால் உங்களுக்குத்தானே நட்டம்? இனி நாற்காலி வேண்டாம்” என்று பக்குவமாகச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அதுக்காக, வந்தவுகள வெறுந்தரையிலயா ஒக்கார வைக்கிறது? நாங்க இல்லாதவுகதான் மேடம், மட்டு மரியாத தெரியாதவுக இல்ல.”

பெருமையோடு சொன்ன ‘ஆம்’

ஆரோக்கியமேரியின் மனு மறுக்கப்பட்டதற்கு நாற்காலி காரணமன்று. ‘குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் உண்டா?’ என்ற கேள்விக்கு, முதல் விசாரணையிலேயே அவர், “இருக்கே! ஜீப்பு!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். வாகனம் உள்ள குடும்பத்துக்கு உதவித்தொகை கிடையாது என்பது விதி.

ஜீப்பின் வரலாறு இது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் மூட்டைகளைப் போல அடைபட்டுச் சலித்த பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர்தான் எழுத வேண்டும் என்றிருக்கிறார் வண்டியை விற்ற தரகர். மாதா கோயில் மைதானத்தில் திருவுளச் சீட்டுப் போட்டதில் ஆரோக்கியமேரியின் பெயர் வந்தது. அன்று அவருக்கு மாலை போட்டுக் கைதட்டிய அதே அதிர்ஷ்டம்தான், பின்னால் அவருடைய மனுவில் குறுக்கே வந்து நின்றது.

அந்தத் தொகை அவருக்கு எதற்கு என்பதையும் விசாரித்தேன். தென்னையிலிருந்து விழுந்த கணவருக்கு இடுப்புக்குக் கீழே பலம் குறைவு. சனிக்கிழமைதோறும் தேனி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பயிற்சி கொடுத்தால் ஊன்றுகோலோடு நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் சனிக்கிழமை மலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் வீட்டில் அடுப்பு எரியாது. உதவித்தொகை வந்தால் அந்தச் சனிக்கிழமைகளை அது தாங்கிக்கொள்ளும். பயிற்சியைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட கால் இறுகிவிடும் என்பதால், அவர் காத்திருக்கவும் முடியாது.

“ஜீப்பின் உரிமையாளர் நீங்கள், முன் இருக்கையில்தானே போவீர்கள்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

“எங்க மேடம்? ஊருக்குக் கடேசி வீடு என் வீடு. வண்டி இங்கன வரும்போதே ரொம்பிப்போகும். ஓனரம்மா தெனமும் பின்னாடி தொத்திக்கிட்டுத்தான் போறேன்.”

திராட்சைத் தோட்டக்காரரின் கவலை

ஜீப்பை நேரில் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் பிற்பகல் தேநீர்க் கடை அருகே காத்திருந்தோம். அங்கே ஒரு திராட்சைத் தோட்டக்காரர் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, நாட்டின் எதிர்காலத்தை என்னிடம் ஒப்படைத்தார். நல்ல மனிதர், தோட்டத்து ஆள்களுக்குக் காய்ச்சல் என்றால் தம் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பவர். “மாசம் பொறந்தா சும்மாவே காசு வருதுன்னா யாரு மேடம் திராட்சக் கொல வெட்ட வருவா? கெவர்மெண்டு குடுத்துக் குடுத்துச் சனத்தச் சோம்பேறியாக்கிப்புட்டாக” என்றார். சமூகநலச் செலவினத்தைப் பற்றி வகுப்பறையில் நான் படித்த எதிர்வாதங்கள் அனைத்தையும் அவர் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. முதலில் பின்னாலிருந்து ஓனரம்மா குதித்தார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். விடிவதற்கு முன்னே கிளம்பிப் போனவர்கள். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். அவர்களில் மூத்தவரான செல்லத்தாய், தோட்டக்காரரின் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கிவிட்டார். அவரிடம் திராட்சை பறித்துப் பழகிய உரிமை வேறு. சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே நின்று கேட்டார்:

“ஏன் மொதலாளி, ஒங்க கெணத்து மோட்டாருக்கும் கெவர்மெண்டுதான சும்மா கரண்டு குடுக்குது? அது சோம்பேறியாப் போயித் தண்ணி எறைக்காமயா கெடக்கு?”

தோட்டக்காரர்தான் முதலில் சிரித்தார். அன்று பன்னிரண்டு பேருக்கும் டீ அவர் கணக்கில்.

பணக்காரி ஆக ஆள் தேவை

எளிய வழி ஒன்று இருக்கிறது என்றார் கருப்பசாமி: ஆர்.சி. புத்தகத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டால் ஆரோக்கியமேரி அன்றைக்கே ஏழையாகிவிடுவார். அதைப் பேசி முடிக்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்தில் ஜீப்பைச் சுற்றிக் கூடினார்கள். கோயிலுக்குப் போகாத செல்லத்தாயும் இன்னும் சிலரும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரில் ஆரோக்கியமேரியைத் தவிர மற்ற பதினொரு பேரும் உதவித்தொகை வாங்குகிறவர்கள். யார் பெயருக்கு ஜீப் போகிறதோ அவர் மறுநாள் முதல் காகிதத்தில் பணக்காரி.

பணக்காரி ஆவதற்கு அந்தக் கூட்டத்தில் ஒருவரும் முன்வரவில்லை. “வருசத்துக்கு ஒருத்தியா மொற வச்சுப் பணக்காரியா இருப்போம்” என்று ஒரு யோசனை எழுந்தது. அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். செல்வத்தைப் பகிர்வது பற்றி எந்தப் பாடநூலிலும் நான் காணாத முறை அது. ஆண்டுதோறும் பெயர் மாற்ற அலைய வேண்டுமே என்பதால் கைவிடப்பட்டது. திராட்சைத் தோட்டக்காரர், “எங்க வீட்டுக்கு எப்படியும் கெடைக்காது, என் பேர்ல போடுங்க தாயி” என்று சொல்லி அனுப்பியிருந்தார். “அவரு நல்லவருதான். அவரு மகன் நாளைக்கு ஜீப்பு எங்கப்பாவோடதுன்னு வந்து நின்னா?” என்று கேட்டார் ஒருவர். அதுவும் போயிற்று.

பிறகு பன்னிரண்டு முகங்களும் மெல்ல என் பக்கம் திரும்பின. எனக்கு அப்போதே வியர்த்தது. சொன்னவர் செல்லத்தாய்தான்:

“ஆத்தா, நீங்க கெவர்மெண்டுச் சம்பளம். ஒங்களுக்கும் அந்தக் காசு கெடைக்காது. ஜீப்பு ஒங்க பேர்ல இருந்துட்டுப் போகட்டுமே, நாங்க ஒங்கள நம்புறோம்.”

கிராம சபை

விசாரிக்கப் போன அதிகாரி, விசாரிக்கப்பட்ட வாகனத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்ற செய்தி எங்கள் அலுவலகத்தை எட்டினால் என்ன ஆகும் என்று விளக்கி, நான் தப்பித்தேன். அவர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். அடுத்து வந்த கிராம சபைக்குப் பன்னிரண்டு பேரும் ஜீப்பிலேயே வந்தார்கள். வழக்கமாகத் தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் கூட்டம் அது. அன்று தகுதி விதியைத் திருத்த வேண்டும் என்று கோரும் தீர்மானம் வந்தது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. “இப்படி ஆளாளுக்கு வெலக்குக் குடுத்தா, கார் வச்சிருக்கவனும் நாளைக்குப் பங்குன்னு சொல்லுவானே?” என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி, விதி எழுதுகிறவர்கள் அஞ்சுவதும் இதற்குத்தான். நான் ஓரமாக நின்று அவரை மனத்துக்குள் பாராட்டிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காத ஆரோக்கியமேரி எழுந்தார்.

“வண்டி இருக்கான்னு மட்டும் கேக்காதீக சார். அந்த வண்டி ஊரு சுத்தப் போகுதா, கூலிக்குப் போகுதான்னும் கேளுங்க. அம்புட்டுத்தான்.”

தீர்மானம் நிறைவேறியது.

மூன்று வரி

விதி மாற நாளாகும். தீர்மானம் ஒற்றைக்காலில் நடக்கும் என்றால் கோப்பு அரைக்காலில் நடக்கும். சனிக்கிழமைகளோ ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே, இருக்கிற விதிக்குள்ளேயே இடம் உண்டா என்று தேடினேன். ‘நான்கு சக்கர வாகனம்’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்றுதான் குறிக்க வேண்டும். பொய் எழுத எனக்குக் கை வராது. உண்மையை முழுவதுமாக எழுத அந்த மூன்று வரி இருந்தது.

ஜீப்பின் முன்பெட்டியில், மாதா படத்துக்குப் பின்னால், மடித்து வைத்த கோடுபோட்ட தாள் ஒன்று இருந்தது. சீட்டுப் போட்ட அன்று, பன்னிரண்டு பேருக்கும் சமபங்கு என்று எழுதி, எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் இட்ட தாள். அதன் நகலை இணைத்து, இவ்வாறு எழுதினேன்: ‘வாகனம் பன்னிரண்டு பெண் தொழிலாளர்களின் கூட்டுடைமை. சக்கரங்கள் நான்கு. மனுதாரருக்கு உரியது ஒரு சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.’

கருப்பசாமி அதைப் படித்துவிட்டு, நெடுநேரம் விரல்விட்டு வகுத்துப் பார்த்து, கணக்குச் சரி என்றார். கோப்பு மேலே போயிற்று. நான்காம் நாள் மேலதிகாரி என்னை அழைத்தார். மேசைமேல் என் படிவம் விரிந்திருந்தது. கூட்டுடைமைத் தாளை வரிவரியாகப் படித்தார். பன்னிரண்டு பெயர்களையும் எண்ணினார். ஓட்டுநர் கூலியை யார் தருகிறார்கள் என்று கேட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“விதி நாலு சக்கரம்னு சொல்லுது. ஒரு சக்கரத்துல மூணுல ஒரு பங்கத் தடுக்க விதியில எடமில்லம்மா. மனு ஏற்கப்படுது.”

நாற்காலி இல்லாத வீடு

பணம் வரத் தொடங்கிய பிறகு, வேறொரு மனுவுக்காக அதே தெருவுக்குப் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆரோக்கியமேரியின் கணவர் ஊன்றுகோல் பிடித்து, சுவரோரமாக ஆறு அடி நடந்து காட்டினார். ஏழாவது அடியை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறாராம். மேல்முறையீட்டில் வென்ற வீடு அது. விதியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கலாம். நாங்கள் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த முறை சுவருக்கு மேல் பச்சை நாற்காலி வரவில்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டார் போலும் என்று நானும் மகிழ்ந்தேன். அவர் என் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே கழுவி நிறுத்தியிருந்த ஜீப்பின் முன் இருக்கையில் துண்டு ஒன்று விரித்திருந்தது.

“இதுல ஒக்காருங்க மேடம், இது எரவல் இல்ல. சக்கரத்துல என்னோட மூணுல ஒரு பங்கு இந்தப் பக்கந்தான்.”

வாசகர்களே, சமமின்மையை அளக்கக் கல்லூரியில் எனக்கு வளைகோடுகள் கற்றுக்கொடுத்தார்கள் என்றாலும், இந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை எனக்குக் கைகொடுத்தவை கை உடைந்த ஒரு நாற்காலியும் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட மூன்று வரிகளுமே.